உரோமாபுரி இராசாவின் குலமும் குடும்பமும்

வைகைக் கரையிலும் அதைச் சூழ்ந்த சமவெளிச் சிற்றூர்களிலும் புதியவர் ஒருவர் வந்து திண்ணையில் அமர்ந்தால், குடிக்கத் தண்ணீர் கொடுத்த கையோடு நம்மவர் கேட்கும் கேள்விகள் மூன்று. எந்த ஊர்? யார் மகன்? பிறகு குரலைச் சற்றே தாழ்த்தி, "நீங்க என்ன ஆளுக?" முதல் இரண்டும் மூன்றாவதற்குப் போகும் வழிதான் என்பது கேட்பவருக்கும் தெரியும், விடை சொல்பவருக்கும் தெரியும். 1606-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் மதுரைக்குள் நுழைந்த இருபத்தொன்பது வயது இயேசு சபைக் குரு ஒருவரும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பவில்லை. அவர் பெயர் இராபர்ட் தெ நொபிலி. தமிழ்க் கிறிஸ்தவ உலகம் அவரைத் தத்துவ போதகர் என்று போற்றுகிறது. அவருடைய தமிழ்ப் பணியையும் துறவுக் கோலத்தையும் பற்றி நம்மிடையே நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அவர் பிறந்த குடும்பத்தைப் பற்றியோ அவ்வளவாக நாம் பேசுவதில்லை. ஆனால் மதுரையில் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள அந்தக் குடும்பத்தையும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இத்தாலியின் தஸ்கனி நாட்டில், மலைமேல் அமைந்த சிறு நகரம் மொந்தேபுல்சியானோ. நொபிலி குடும்பத்தார் அந்நகரின் பழங்குடி உயர்மக்கள். 'தெ நொபிலி' என்ற குடும்பப் பெயருக்கே 'உயர்குடியினரைச் சேர்ந்தவர்' என்றுதான் பொருள். செருமானியப் பேரரசர் மூன்றாம் ஓட்டோவின் வழி வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவந்த பெருமை. மூன்றாம் ஓட்டோ 1002-ஆம் ஆண்டிலே, இருபத்தொரு வயதில், மணமாகாமலே இறந்துபோனார் என்பது வரலாறு. அவர் வழியில் ஒரு குடும்பம் எப்படித் தழைத்தது என்று நாம் துருவிக் கேட்க வேண்டியதில்லை. நம் மன்னர்களின் மெய்க்கீர்த்திகளும் சூரியனிலும் சந்திரனிலும் தொடங்குகின்றனவே! குலப்பெருமை என்பது எந்த நாட்டிலும் கணக்குப் பார்த்து எழுதப்படுவதில்லை.

ஐயத்துக்கு இடமில்லாத பெருமைகளும் அக்குடும்பத்துக்கு இருந்தன. 1550 முதல் 1555 வரை திருச்சபையை ஆண்ட திருத்தந்தை மூன்றாம் ஜூலியசின் உடன்பிறந்தாள் லுதோவிக்கா. அவர் நொபிலி குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். நம் தத்துவ போதகருக்குப் பூட்டி முறை. அவருடைய மகன் வின்சென்சோ, போதகரின் பாட்டனார். அந்த வின்சென்சோவின் மகன் ஒருவரைத் திருத்தந்தை 1553-இல் கர்தினாலாக உயர்த்தினார். அப்போது அச்சிறுவனுக்கு வயது பன்னிரண்டு! இன்றைக்கு நம் பங்குகளில் பீடச் சிறுவர்களாகப் பணிபுரியும் வயது. ஆயினும் அந்தச் சிறு கர்தினால் இராபர்ட், பதவியால் கெட்டுப்போகாமல் கல்வியிலும் பக்தியிலும் சிறந்து விளங்கி, 1559-இல் பதினேழாம் வயதில் மறைந்தார். அவருடைய பெயரைத்தான், அவருடைய உடன்பிறந்தவரான பியர் பிரான்செஸ்கோ 1577 செப்டம்பரில் பிறந்த தம் மூத்த மகனுக்கு வைத்தார். பியர் பிரான்செஸ்கோ 'கோமான்' பட்டம் பெற்றவர். திருத்தந்தையின் படைத்தலைவர்களுள் ஒருவர். தாய் கிளாரிசும் உரோமையின் உயர்குடிப் பெண்மணியே.

இன்னோர் உறவையும் சொல்லியாக வேண்டும். அதே மொந்தேபுல்சியானோவில் பிறந்தவர்தாம் இயேசு சபையின் மாமேதை கர்தினால் இராபர்ட் பெல்லார்மின். 1555-இல் இருபத்திரண்டே நாள் திருத்தந்தையாக இருந்து மறைந்த இரண்டாம் மார்செல்லுஸ் அவருக்குத் தாய்மாமன். நொபிலி குடும்பத்துக்குப் பெல்லார்மின் உறவினர். ஆக, நம் போதகர் பிறந்த வீட்டிலே எந்தச் சுவரில் சாய்ந்தாலும் ஒரு திருத்தந்தையின் மீதோ கர்தினாலின் மீதோதான் சாய வேண்டும் என்கிற நிலை.

இப்படிப்பட்ட வீட்டின் மூத்த மகன் துறவியாவதை யார் ஒப்புவார்கள்? குடும்பப் பெயரையும் சொத்தையும் கட்டிக்காக்க வேண்டிய பிள்ளை. குருவாகத்தான் ஆவேன் என்றால், உரோமையிலேயே குருவாகி, உறவினர் துணையுடன் படிப்படியாக உயர்ந்து, சிறிய தந்தையைப் போலச் சிவப்புத் தொப்பி அணிவதில் என்ன குறை என்பது உற்றாரின் எண்ணம். இயேசு சபையாரோ தம் உறுப்பினர் பதவிகளைத் தேடக்கூடாது என்று தனி வாக்குறுதியே வாங்குகிறவர்கள். அதனாலேயே இளைஞருக்கு அந்தச் சபை பிடித்திருந்தது. அதனாலேயே வீட்டாருக்கு அது பிடிக்கவில்லை. அவர் வீட்டை விட்டு வெளியேறி நேப்பிள்சுக்குப் போனார். நோச்சேராவின் கோமகள் அவருக்குப் புகலிடம் கொடுத்துக் காத்தார். பின்பு அந்நகரிலேயே சபையின் நவதுறவகத்தில் சேர்ந்தார். வீடு, பட்டம், மூத்த மகனுக்குரிய உரிமை ஆகிய அனைத்தையும் உதறியாயிற்று. 1603-இல் குருப்பட்டம், 1604 ஏப்ரலில் லிஸ்பனிலிருந்து கப்பற் பயணம், வழியில் ஆப்பிரிக்கக் கரையருகே கப்பற்சேதம், 1605 மே மாதம் கோவா. அங்கிருந்து கொச்சிக்கும் முத்துக்குளித்துறைக்கும் வந்து, தமிழ் கற்று, மதுரை சேர்ந்தார்.

மதுரையில் அவருக்கு முன்பே ஒருவர் இருந்தார். முன்னாள் போர்வீரரும் வயது முதிர்ந்தவருமான போர்த்துக்கீசியக் குரு கொன்சாலோ பெர்னாந்தஸ். 1595 முதல் மதுரையில் சிறு ஆலயமும் பள்ளியும் வைத்து, கடற்கரையிலிருந்து வாணிபத்துக்கு வந்து தங்கிய பரதவக் கிறிஸ்தவர்களைப் பேணிவந்தார். பதினோராண்டு உழைப்பில் உள்நாட்டாருள் ஏறத்தாழ எவருமே திருமுழுக்குப் பெறவில்லை. காரணம் அவருடைய உழைப்பின்மை அன்று. 'பரங்கி' என்ற சொல்தான். போர்த்துக்கீசியரையும் அவர்களைச் சார்ந்தவர்களையும் குறித்த அச்சொல், மதுரையில் மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர், குளியாதவர் என்ற பொருள்களையெல்லாம் சேர்த்துச் சுமந்தது. இதில் வேதனையான செய்தி ஒன்று உண்டு. திருமுழுக்குப் பெற வந்தவரிடம், 'கிறிஸ்தவராக விருப்பமா' என்று கேட்க வேண்டிய இடத்தில், 'பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா' என்ற கருத்துப்படவே துபாசிகள் மொழிபெயர்த்து வந்தனர். குருக்களும் அதன் பொருள் அறியாமல் வழங்கி வந்தனர். விசுவாசத்தைக் கேட்ட இடத்தில் குலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். நொபிலி மதுரைக்கு வந்ததும் முதலில் கண்டுபிடித்த பிழை இதுதான்.

அன்றைய மதுரை கல்வி நகரம். நாயக்க மன்னர்களின் ஆதரவில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட பிராமண மாணவர்கள் அங்கே படித்துவந்ததாக 1610-இல் எழுதிய கடிதம் ஒன்றில் நொபிலியே வியந்து குறிப்பிடுகிறார். இத்தகைய ஊரில், பரங்கி என்று முத்திரை குத்தப்பட்டவன் வாயிலிருந்து வரும் தத்துவத்தைக் காதுகொடுத்துக் கேட்பவர் யார்?

ஆகவே அவர் மூன்றாவது கேள்விக்கு விடை சொல்ல முடிவு செய்தார். நான் பரங்கி அல்லன், உரோமாபுரியிலிருந்து வந்தவன், அங்கே என் குடும்பத்தார் இந்நாட்டு இராசாக்களுக்கு ஒப்பானவர்கள், நானோ உலகைத் துறந்த சந்நியாசி என்றார். காவி உடை, பாதக்குறடு, கமண்டலம், நாளுக்கு ஒரு வேளை சோறும் காய்கறியும், சமைக்கப் பிராமணச் சமையற்காரர், இருக்க மண்சுவர்க் குடிசை. தொடக்கத்தில் பொன்னிழையும் வெண்ணிழையும் சேர்த்துத் திரித்த பூணூலில் சிலுவையைக் கோத்து அணிந்தார். பின்னர் அதை விட்டுவிட்டார். 1611-இல் எதிர்ப்பு வலுத்தபோது, தாம் பரங்கி அல்லர், பரங்கியர் நாட்டில் பிறந்தவரும் அல்லர், உரோமையின் உயர்குடியினர் என்று ஓர் அறிவிப்பை எழுதித் தம் வீட்டு வாசலிலேயே பொருத்திவைத்தார்.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். அவர் சொன்னது பொய்யா? பொய்யன்று. கோமானின் மகன்; திருத்தந்தை ஒருவரின் உறவினர்; மொழி, நாடு எதனாலும் போர்த்துக்கீசியர் அல்லர். ஆனால் முழு உண்மையும் அன்று என்றே நமக்குத் தோன்றுகிறது. ஐரோப்பாவில் கோமான் பட்டம் என்பது அரசர் கொடுப்பது. அரசரே பறிக்கவும் கூடியது. சில வேளைகளில் பணத்துக்கு வாங்கவும் கூடியது. மதுரையில் 'இராச குலம்' என்ற சொல்லைக் கேட்டவர்கள் புரிந்துகொண்டதோ பிறவியிலே அமைந்து, சாகும்வரை மாறாத ஒரு தூய்மை. யாரோடு உண்பது, யாருக்குப் பெண் கொடுப்பது, யார் கைத் தண்ணீரைக் குடிப்பது என்பதெல்லாம் அதற்குள் அடக்கம். சொல் ஒன்று, சொன்னவர் கொண்ட பொருள் வேறு, கேட்டவர் கொண்ட பொருள் வேறு. பரங்கிக் குலம் என்ற தவறான மொழிபெயர்ப்பைக் கண்டு கொதித்தவர், இராச குலம் என்ற மொழிபெயர்ப்பின் விளைவை எந்த அளவு எடைபோட்டார் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

நேப்பிள்சுக்கு ஓடிய நாளில் எதை அவர் வாசற்படியிலேயே கழற்றி வைத்தாரோ, அதையே மதுரையின் வாசலில் எழுதிவைக்க வேண்டி வந்தது. தமக்காக அன்று, நற்செய்திக்காக என்பதில் நமக்கு ஐயமில்லை. அவர் அதனால் பெற்றது குடிசையும் பட்டினியும்தான்.

பலன் கிடைத்தது. பள்ளி ஆசிரியர் ஒருவர் நாள்தோறும் பல மணி நேரமாக ஏறத்தாழ இருபது நாள் அவரோடு வாதாடினார். படைப்பு, தீமை, மறுபிறப்பு என்று பேசித் தீர்த்த பின் அல்பெர்ட் என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார். சிவதர்மர் என்ற தெலுங்குப் பிராமணர், வேற்றாருக்குக் கற்பிக்கத் தடையிருந்த வேதங்களையும் வடமொழியையும் அவருக்குக் கற்பித்து, 1609-இல் தாமும் கிறிஸ்தவரானார். கோவில், பூசை, குரு, ஞானஸ்நானம் போன்ற சொற்கள் நம் வழிபாட்டில் வேரூன்றியதும் அவர் கைவண்ணத்தாலே. கடற்கரையில் ஆலயத்துக்கு 'இகிரேசை' என்றும் திருப்பலிக்கு 'மீசை' என்றும் போர்த்துக்கீசியச் சொற்களே வழங்கிய காலம் அது.

ஆனால் கொன்சாலோ பெர்னாந்தஸ்? நம் வரலாற்று நூல்கள் பலவற்றில் அவர் ஒரு முரட்டுக் கிழவராக, மேதையின் பாதையில் குறுக்கே நின்றவராகவே வருகிறார். அது நீதியன்று. அவருக்குக் குலப்பெருமை சொல்லப் பேரரசர் யாரும் இல்லை. பழைய போர்வீரர், கிடைத்த மக்களோடு கிடைத்ததை உண்டு வாழ்ந்தவர். தம்மைவிடப் பல ஆண்டு இளையவரான சபைச் சகோதரர் ஒருநாள் தனிக் குடிசைக்குப் போய்விடுகிறார். தம்மோடு உடனுண்ணுவதை நிறுத்திவிடுகிறார். தம் மக்கள் வரும் ஆலயத்திலிருந்து விலகி, உயர்குலத்தாருக்கெனத் தனி வழிபாடு அமைக்கிறார். தாம் பரங்கி அல்லர் என்று எழுதி வாசலில் பொருத்துகிறார். அப்படியானால் பரங்கி யார்? அந்தக் கிழவர்தானே! ஒரே சபை, ஒரே குருத்துவம், ஒரே ஊர், நடுவே குலம். 1610-இல் அவர் சபைத் தலைவருக்குக் குற்றச்சாட்டுக் கடிதம் எழுதினார் என்பதில் வியப்பில்லை. பிராமணரின் பழக்கவழக்கங்களைத் தாமே ஆராய்ந்து 1616-இல் போர்த்துக்கீசிய மொழியில் ஒரு நூலும் எழுதினார். வெறும் முரடர் செய்யும் வேலையா அது?

செய்தி உரோமைக்கு எட்டியபோது குடும்பம் கலங்கிற்று. இராபர்ட் வேதத்தை விட்டுவிட்டார், பிராமணராகிவிட்டார் என்று அங்கே வதந்தி. பெல்லார்மினும் நம்பி, வருத்தமும் கண்டிப்பும் கலந்து எழுதினார். தம்மை விட்டுக் குடும்பம் விலகிய வலியைப் பொறுத்துக்கொண்டு நொபிலி நீண்ட விளக்கங்களை இலத்தீனில் எழுதி அனுப்பினார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவை குலத்தின் குடிமைச் சின்னங்களா, சமய அடையாளங்களா என்பதே வழக்கு. குடிமைச் சின்னங்களே என்று வடமொழி நூல்களிலிருந்து மேற்கோள் காட்டி வாதிட்டார். அவற்றைப் படித்த பெல்லார்மின் மனம் மாறி அவர் பக்கம் நின்றார். 1619-இல் கோவாவில் கூடிய மன்றத்தில் பேராயரும் பலரும் எதிர்த்தனர். கிராங்கனூர்ப் பேராயர் பிரான்சிஸ் ரோஸ் ஆதரித்தார். இறுதியாக 1623 சனவரி 31-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் தீர்ப்பளித்தார். மூடநம்பிக்கைக்கு இடமில்லாதவாறு அச்சின்னங்களைப் புதுக் கிறிஸ்தவர்கள் வைத்துக்கொள்ளலாம் என்பது தீர்ப்பு.

அந்த ஆவணத்தை நாம் பெரும்பாலும் இந்த வெற்றியோடு மூடிவிடுகிறோம். அதில் இன்னொரு பகுதியும் இருக்கிறது. குலப்பெருமை கொண்டோர், எளிய நிலையில் பிறந்தோரை இகழக்கூடாது. சிறப்பாக ஆலயத்திலும் இறைவார்த்தை கேட்பதிலும் அருட்சாதனங்கள் பெறுவதிலும் அவர்களை ஒதுக்கக்கூடாது என்று திருத்தந்தை உருக்கமாக மன்றாடுகிறார். அனுமதியை எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். மன்றாட்டை யார் எடுத்துக்கொண்டது?

எளியோர் வந்துகொண்டே இருந்தனர் என்பதுதான் அடுத்த சிக்கல். பிராமணச் சந்நியாசிகளாக வாழ்ந்த குருக்கள் பகலில் அவர்களை அணுகினால் உயர்குலத்தார் விலகிவிடுவர். எனவே இரவு நேரத்தில் மறைவாகச் சென்று பணிபுரிய வேண்டியதாயிற்று. இந்நிலை நீடிக்க முடியாதென உணர்ந்து, 1640-இல் பண்டாரசாமிகள் என்ற மற்றொரு வகைத் துறவுநிலை தொடங்கப்பட்டது. பல்தசார் தா கோஸ்தா அதன் முதல்வர். பண்டாரம் எல்லாக் குலத்தாரிடமும் போகலாம்; யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நொபிலியும் இதற்கு இசைந்தார். தம் வழி போதாது என்பதை ஏற்கும் மனம் அவருக்கு இருந்தது.

பண்டாரசாமிகளின் வரிசையில் மற்றோர் உயர்குடி மைந்தர் வந்தார் என்பது நாம் அறிந்ததே. 1647-இல் லிஸ்பனில் பிறந்த புனித அருளானந்தர், பிரேசிலில் ஆளுநராக இருந்து மறைந்த சல்வதோர் தெ பிரித்தோவின் மகன். அரண்மனையில் இளவரசர் பெத்ருவின் தோழராக வளர்ந்தவர். அந்த இளவரசரே பின்னர் அரசராகி, ஐரோப்பா வந்திருந்த அருளானந்தரை நாட்டிலேயே நிறுத்திக்கொள்ள முயன்றும் அவர் நிற்கவில்லை. 1690-இல் திரும்பி வந்தார். மறவ நாட்டுக் குடிசைகளில் அவர் தம் குலத்தைச் சொல்லத் தேவை ஏற்படவில்லை. 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் ஓரியூரில் அவருடைய தலை வெட்டப்பட்டது.

குலம் சொல்லி நுழைந்தது குலத்தோடுதான் குடியிருக்கும். 1872-இல் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் எழுந்த ஆலயம், இரு குலத்தார் ஒருவரை ஒருவர் பாராமல் ஒரே பீடத்தை நோக்குமாறு இரண்டு கிளைகளாகக் கட்டப்பட்டது. நடுவே இருந்த தடுப்புச் சுவர் 1910-இல் இடிக்கப்பட்டபோது எழுந்த வழக்கும் வம்பும் கொஞ்சமன்று. இதற்கு நொபிலி ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் கைகளைக் கழுவிக்கொள்ளும் சுலபமான வழி. அவர் வரும் முன்பே குலம் இருந்தது. அவரைத் தூக்கிப் பிடிக்காத கடற்கரையிலும் இருந்தது. அவர் மறைந்து மூன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் நம் திருமணப் பேச்சுகளில் ஞானஸ்நானச் சான்றிதழுக்கு முன்னால் எது கேட்கப்படுகிறது என்பதை நாம் ஒவ்வொருவரும் அறிவோம்.

தத்துவ போதகரின் பிற்கால வாழ்வு உரோமைக் கோமானின் மகனுக்குரியதாக இல்லை. 1640-இல் மதுரையிலேயே கைதாகிச் சிறையில் பல மாதம் வாடினார். திருமலை நாயக்கரின் ஆணையால் விடுதலை கிடைத்தது. பார்வை மங்கிக்கொண்டே வந்தது. முதுமையில் அவரை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள், பின்பு மயிலாப்பூருக்கு. சபை இல்லத்தில் வசதியாக இருக்கலாம் என்றனர்; அவரோ நகருக்கு வெளியே குடிசை கேட்டார். கண் தெரியாத நிலையிலும் சீடர்கள் எழுத, தாம் சொல்லச் சொல்லத் தம் நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தார். ஞானோபதேசம், ஆத்தும நிருணயம், தூஷணத் திக்காரம் முதலிய அந்த உரைநடை நூல்களை அருட்திரு ச. இராசமாணிக்கம் தேடித் திரட்டிப் பதிப்பிக்க, 1960-களில் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம் வெளியிட்டது. அதனால்தான் இன்று அவை நம் கைகளுக்கு எட்டுகின்றன. ஏடுகளில் ஆசிரியர் பெயராக வழங்குவது தத்துவ போதகர் என்பதுதான்.

கடைசிவரை இறைச்சியைத் தொடவில்லை. காவியை மாற்றவும் இல்லை. 1656 சனவரி 16-ஆம் நாள், எழுபத்தெட்டு வயது நிறைந்து, மயிலாப்பூரில் உயிர் நீத்தார். மொந்தேபுல்சியானோவில் அவருக்கு உரிமையான மாளிகையின் மூத்த மகன் பங்கு, அதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே மற்றவர் கைக்குப் போயிருந்தது.